விடுதிப் பள்ளியில் படிப்பு, கலை, விளையாட்டு: மூன்றும் ஒரு பிள்ளைக்கு உண்மையில் கிடைக்குமா?

ஒரு தாய் கேட்ட கேள்வி இது: "என் மகளுக்கு 12 வயது. நீச்சலும் வயலினும் கற்கிறாள். படிப்பில் நடுத்தரத்துக்குச் சற்று மேலே. ஒரு தனியார் விடுதிப் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. படிப்பு, கலை, விளையாட்டு மூன்றும் ஒரே வளாகத்தில் கிடைக்கும் என்கிறார்கள். அது நடக்கிற காரியமா, இல்லை ஒன்று மற்றதை விழுங்கிவிடுமா? எதைப் பார்த்து முடிவு செய்வது? 15 வயதில் ஒன்றை விட்டே ஆக வேண்டும் என்று வந்தால் எதை விடுவது?"

நான் இரண்டு விடுதிப் பள்ளிகளில் மொத்தம் 17 ஆண்டுகள் கணிதம் கற்பித்தேன். அதில் 11 ஆண்டுகள் விடுதிப் பொறுப்பையும் பார்த்தேன். பிள்ளைகள் தூங்கிய அதே கட்டடத்தில்தான் நானும் குடியிருந்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மூன்றும் கிடைக்கும். கிடைத்த பிள்ளைகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் கிடைக்குமா கிடைக்காதா என்பதை முடிவு செய்வது நீச்சல் குளத்தின் நீளமோ அரங்கத்தின் இருக்கைகளோ கிடையாது. அந்தப் பள்ளி பிள்ளையின் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறது என்பதுதான். பள்ளியைப் பார்க்கப் போகும்போது காலை 10 மணிக்குப் போகாதீர்கள். மாலை 4 மணிக்குப் போய் இரவு விளக்கணைக்கும் வரை இருக்க அனுமதி கேளுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. வாரத்துக்கு 168 மணி நேரம். 12 வயதுப் பிள்ளைக்கு இரவுக்கு 9 மணி நேரத் தூக்கம் என்றால் 63 மணி போய்விடும். வகுப்புகள், சனிக்கிழமை முற்பகலையும் சேர்த்து, ஏறத்தாழ 33. இரவுப் படிப்பு 12. சாப்பாடு, குளியல், துணி, அறை ஒழுங்கு எல்லாவற்றுக்கும் நாளுக்கு 3 மணி வீதம் 21. கூட்டினால் 129. மிச்சம் 39 மணி நேரம். அதில் விளையாட்டுக்கு 9, இசைக்கும் மற்றக் கலைகளுக்கும் 7 என்று எடுத்தாலும் இன்னும் 23 மணி கையில் இருக்கிறது. தோழியோடு மரத்தடியில் உட்கார, வீட்டுக்குப் பேச, ஒன்றும் செய்யாமல் படுத்துக் கிடக்க, காய்ச்சல் வர, எல்லாவற்றுக்கும் அதுதான் இடம். வீட்டிலிருந்து பள்ளிக்கும், பள்ளியிலிருந்து குளத்துக்கும், அங்கிருந்து வயலின் வகுப்புக்கும் அலைகிற பிள்ளைக்கு இந்த 39 மணியில் பெரும்பகுதி சாலையிலேயே கரைந்துபோகும். விடுதிப் பள்ளி தருகிற மிகப் பெரிய லாபம் அந்தப் பயண நேரம்தான். அந்த லாபத்தைப் பள்ளி பிள்ளையிடம் திருப்பித் தருகிறதா, தானே எடுத்துக்கொள்கிறதா என்று பாருங்கள்.

எடுத்துக்கொள்ளும் பள்ளிகள் முதலில் கை வைப்பது தூக்கத்தில். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. நீச்சல் பயிற்சியாளர் காலை 5.30க்கு வரச் சொல்கிறார். நாடக ஆசிரியர் இரவு 9.30 வரை ஒத்திகை வைக்கிறார். கணித ஆசிரியனான நான் மறுநாள் காலையில் தேர்வு வைக்கிறேன். மூன்று பேருமே அக்கறையோடுதான் செய்கிறோம். மூவரும் பேசிக்கொள்ளாததால் அந்தப் பிள்ளை ஆறு மணி நேரம் தூங்குகிறாள். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரை 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்கிறது. பருவ வயதில் உடலின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. இரவு 10 மணிக்குப் படு என்றால் தூக்கம் வராது, காலை 5க்கு எழு என்றால் உடம்பு எழாது. இதைச் சோம்பல் என்று திட்டிப் பயனில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014இலேயே நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது.

எனக்கு இது புத்தகத்தில் புரியவில்லை, ஓர் இரவில் புரிந்தது. இரவுப் படிப்பு நேரத்தில் சுற்றி வந்துகொண்டிருந்தேன். 14 வயதுப் பையன் ஒருவன் இயற்பியல் நோட்டின் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். காலில் ஹாக்கிக் காப்புகளைக்கூடக் கழற்றவில்லை. பேனா மூடி திறந்திருந்து, மை ஊறி, அவன் கடைசியாக எழுதிய சமன்பாடு நீலத் திட்டாகியிருந்தது. எழுப்பினேன். "சார், முடித்துவிடுகிறேன் சார்" என்று கண்ணைத் திறக்காமலே சொன்னான். நான் நோட்டை மூடிவிட்டு அவனைப் படுக்கைக்கு அனுப்பினேன். மறுநாள் ஒரு வாரத்துக்கான அவனுடைய பொழுதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோதுதான், ஏழு பெரியவர்கள் அவனை ஏழு திசைகளில் இழுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அந்த ஏழு பேரில் நானும் ஒருவன்.

ஆகவே உங்கள் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: நீச்சல் அணியில் இருந்துகொண்டு இசையும் கற்கிற ஒரு மாணவியின் போன வாரக் கால அட்டவணையைக் காட்ட முடியுமா? பள்ளியின் பொது அட்டவணை வேண்டாம். பெயரை மறைத்துவிட்டு ஒரு பிள்ளையின் அட்டவணை. நல்ல பள்ளியில் இதை எடுத்து வைத்திருப்பார்கள். இல்லையென்றாலும் கேட்டவுடன் பத்து நிமிடத்தில் எழுதித் தருவார்கள். எழுதித் தர ஆளே இல்லை என்றால், அந்தப் பள்ளியில் ஒரு பிள்ளையின் முழு நாளும் தெரிந்த பெரியவர் ஒருவரும் இல்லை என்று பொருள்.

படிப்பைப் பற்றி எல்லாரும் தேர்வு முடிவுகளைத்தான் கேட்பார்கள். நீங்கள் இரவுப் படிப்பு அறைக்குள் போய்ப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பள்ளிகளின் படிப்பு அறைகளும் ஒன்றுபோலவே அமைதியாக இருக்கும். முதல் பள்ளியில் பிள்ளைகள் குனிந்து பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பார்கள். மேற்பார்வையாளர் வாசலில் உட்கார்ந்து சத்தம் வருகிறதா என்று மட்டும் பார்ப்பார். இரண்டாவது பள்ளியில் ஒரு பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கும். இன்னொன்று மூன்று வாரத்துக்கு முந்தைய பாடத்தின் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும். ஆசிரியர் மேசை மேசையாகக் குனிந்து, "இந்த வரியிலிருந்து அடுத்த வரிக்கு எப்படி வந்தாய்?" என்று மெல்லக் கேட்பார். படித்ததை நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதும், இடைவெளி விட்டுத் திரும்புவதும்தான் மனத்தில் தங்கும். ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இல் தன்னையே சோதித்துப் பார்த்து எழுதிய காலத்திலிருந்து இது தெரிந்த விஷயம். விளையாட்டுக்கும் கலைக்கும் நேரம் கொடுக்கிற பிள்ளைக்குப் படிப்பு நேரம் குறைவாகத்தான் கிடைக்கும். அந்தக் குறைந்த நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று கற்றுத் தராத பள்ளி அவளைக் கட்டாயம் பின்னுக்குத் தள்ளும்.

வகுப்பறையையும் பாருங்கள். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள பிலிப்ஸ் எக்சிட்டர் பள்ளிக்கு 1930இல் எட்வர்ட் ஹார்க்னஸ் என்ற செல்வந்தர் பெருந்தொகை கொடுத்தபோது, கற்பிக்கும் முறையையே மாற்ற வேண்டும் என்று விரும்பினார். அதிலிருந்து வந்ததுதான் நீள்வட்ட மேசை: சுற்றிலும் ஏறத்தாழ 12 மாணவர்கள், அவர்களோடு ஒரே மட்டத்தில் ஆசிரியர். மூலையில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. படிக்காமல் வந்தவரும் தெரியும், வாயே திறக்காதவரும் தெரியும். எல்லாப் பள்ளியும் அந்த மேசையை வாங்க வேண்டியதில்லை. உங்கள் மகள் ஒரு வாரத்தில் எத்தனை முறை வகுப்பில் வாய் திறந்து பேசுவாள் என்று மட்டும் கேளுங்கள். நடுத்தரத்துக்குச் சற்று மேலே இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் இது மிக முக்கியம். முதலிடத்தில் உள்ளவர்களையும் கடைசியில் உள்ளவர்களையும் எல்லா ஆசிரியர்களும் கவனித்துவிடுவார்கள். இடையில் இருக்கிற பிள்ளை யார் கண்ணிலும் படாமல் ஐந்து ஆண்டுகளைக் கழித்துவிட முடியும்.

கலைக்கு வருகிறேன். மூன்றில் பெரும்பாலும் நோஞ்சானாக இருப்பது இதுதான். அது கவலைக்குரிய அளவுக்கு மறைவாகவும் இருக்கும். ஏனென்றால் ஆண்டு விழா பிரமாதமாக நடக்கும். ஒளி, உடை, நூறு பேர் மேடையில். அதைப் பார்த்துப் பெற்றோர் மனம் நிறைந்து திரும்புவார்கள். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை ஆறு வாரம் வகுப்புகளை விழுங்கி ஒரு நிகழ்ச்சி நடத்துவதும், ஆண்டு முழுவதும் ஒரு கலையைக் கற்றுத் தருவதும் வேறு வேறு. தாகூர் 1901இல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கியபோது பாட்டும் நாடகமும் ஓவியமும் அன்றாடத்தில் கலந்திருந்தன. பருவம் மாறும்போது அதற்கான பாட்டு வரும், நாடகம் வரும். 1919இல் அங்கே கலா பவனம் என்ற கலைப் பள்ளி தொடங்கியது. நந்தலால் போஸ் போன்ற ஓவியர் பிள்ளைகளுக்கு நடுவிலேயே வாழ்ந்து வரைந்தார். ஓவியர் வரைவதை அருகிலிருந்து பார்க்கிற பிள்ளைக்குக் கலை என்பது மேடை நாளுக்கான ஏற்பாடு என்ற எண்ணமே வராது.

உங்கள் மகளின் வயலினை வைத்தே பேசுவோம். பள்ளியில் வயலின் கற்பிக்கப்படுகிறதா என்று கேட்டால் "ஆம்" என்பார்கள். பெரும்பாலும் ஓர் ஆசிரியர் வாரத்தில் ஒரு நாள் வெளியிலிருந்து வந்து அரை மணி நேரம் சொல்லிக் கொடுப்பார். மீதி ஆறு நாள்? அங்கேதான் எல்லாம் இருக்கிறது. தனிப்பயிற்சி அறைகள் எத்தனை, அவை எப்போதெல்லாம் திறந்திருக்கும், சாவி யாரிடம் என்று கேளுங்கள். நான் பார்த்த ஒரு பள்ளியில் அருமையான ஆறு அறைகள் இருந்தன. சாவி அலுவலகத்தில், அலுவலகம் மாலை 5 மணிக்கு மூடிவிடும். பிள்ளைகள் மைதானத்திலிருந்து திரும்புவதே 5.30க்கு. அந்த அறைகளில் கூடுதல் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

அடுத்து, தந்தியை முறுக்குகிற திருகான பிரடை நழுவினால் யார் சரிசெய்வார்கள் என்று கேளுங்கள். சின்னக் கேள்விதான். ஆனால் வறண்ட காற்றில் பிரடை நழுவும், ஈரக் காற்றில் இறுகிக்கொள்ளும். தந்தி அறுந்தால் 12 வயதுப் பிள்ளைக்குத் தானாக மாற்றத் தெரியாது. வெளியிலிருந்து வரும் ஆசிரியர் வியாழக்கிழமைதான் வருவார் என்றால், வெள்ளியன்று அறுந்த தந்தியோடு அந்த வயலின் ஆறு நாள் பெட்டிக்குள் கிடக்கும். இப்படி இரண்டு முறை நடந்தால் போதும், பழக்கம் விட்டுப்போகும். உங்கள் மகளின் வயதில் முக்கால் அளவு வயலினிலிருந்து முழு அளவுக்கு மாறுகிற நேரமும் வரும். விரல்கள் புதிய இடைவெளிகளைக் கற்க வேண்டும். சில வாரங்களுக்குச் சுருதி சேராது. அவளுக்கே தன் வாசிப்பு பிடிக்காமல் போகும். அந்த வாரங்களில் பக்கத்தில் இருந்து கேட்க ஒரு காது வேண்டும். அனுப்பும் முன் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: தந்தி மாற்றவும் சுருதி சேர்க்கவும் வீட்டிலேயே பழக்கிவிடுங்கள், பெட்டியில் இரண்டு தொகுப்புத் தந்திகள் வைத்து அனுப்புங்கள்.

நாளுக்கு 40 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் என்று பயிற்சி நேரம் அட்டவணையிலேயே இருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் என்பது அதற்கு ஈடாகாது. உளவியலாளர் எரிக்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1993இல் பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களை ஆராய்ந்தது பலருக்கும் தெரியும். சிறந்தவர்கள் நிறைய மணி நேரம் பயின்றார்கள் என்பதை மட்டும் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே ஆய்வில் அந்தச் சிறந்த மாணவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தூங்கினார்கள், பிற்பகலில் குட்டித் தூக்கமும் போட்டார்கள் என்பது இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை.

ஓவியத்துக்கும் மண் வேலைக்கும் இதே சோதனைதான்: ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அறை திறந்திருக்கிறதா? பாதி வேலையில் விட்ட களிமண் உருவத்தின் மேல் ஈரத் துணி போட்டு மூடி வைத்திருந்தால், அந்தப் பிள்ளை மறுநாள் திரும்பி வரப்போகிறது என்று அர்த்தம். அந்த ஈரத் துணிகளை எண்ணிப் பாருங்கள்.

விளையாட்டு விடுதிப் பள்ளிகளுக்குள் நுழைந்த கதையே ஒரு பாடம். இங்கிலாந்தில் மார்ல்பரோ கல்லூரிப் பள்ளியில் 1851இல் மாணவர்கள் பெருங்கலகம் செய்தார்கள். 1852இல் ஜார்ஜ் காட்டன் தலைமை ஆசிரியராக வந்தார். ரக்பி பள்ளியில் தலைமை ஆசிரியர் தாமஸ் ஆர்னால்டிடம் பணியாற்றியவர். பையன்கள் பொழுது போகாமல் ஊர்சுற்றி வம்பு வளர்ப்பதைத் தடுக்க, ஒழுங்கான ஆட்டங்களை ஏற்பாடு செய்தார். இளம் ஆசிரியர்களையும் மைதானத்தில் இறக்கினார். அதாவது, கட்டாய ஆட்டம் என்பது தொடக்கத்தில் பையன்களை அடக்கி வைக்கும் வழிகளில் ஒன்றாகத்தான் வந்தது. இன்றும் சில பள்ளிகளில் அந்த வாசனை அடிக்கும்: மாலையில் எல்லாரும் மைதானத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான், அணியில் உள்ள 15 பேருக்குப் பயிற்சி, மற்றவர்கள் கோட்டோரம் நின்று பந்து பொறுக்குவார்கள்.

ஜெர்மானியக் கல்வியாளர் குர்ட் ஹான் இதற்கு நேர் எதிராக யோசித்தவர். ஜெர்மனியில் 1920இல் சாலெம் பள்ளியையும், நாட்டை விட்டு வெளியேற நேர்ந்த பிறகு ஸ்காட்லாந்தில் 1934இல் கார்டன்ஸ்டன் பள்ளியையும் தொடங்கினார். ஓட்டம், தாண்டுதல், எறிதல் எல்லாப் பிள்ளைக்கும் உரியவை என்றார். நேற்றைய தன்னை இன்று முந்தினால் போதும். பிள்ளைகள் தங்கள் பயிற்சியைத் தாங்களே ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். யாரும் சரிபார்க்க மாட்டார்கள். அந்த நம்பிக்கைதான் அவருடைய பயிற்சியின் உயிர். அவருடைய எல்லாக் கருத்துகளோடும் நான் உடன்படவில்லை. காலையில் குளிர்ந்த நீரில் குளித்தால்தான் குணம் வளரும் என்பதை நான் நம்பவில்லை. ஆனால் திறமை குறைந்த பிள்ளைக்கும் பயிற்சியாளர் வேண்டும் என்ற நிலைப்பாட்டில் அவர் முழுக்கச் சரி. பள்ளிக்குப் போனால் முதல் அணியைக் காட்டுவார்கள். மூன்றாவது அணிக்கு யார் பயிற்சி தருகிறார் என்று கேளுங்கள். அவர் பெயரைத் தயங்காமல் சொன்னால் நல்ல அடையாளம்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது: 5 முதல் 17 வயது வரை, சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் உழைப்பு வேண்டும். அது எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய அடித்தளம். அணியில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆபத்து மறுபக்கத்திலிருந்து வருகிறது: மிகை. ஒரே விளையாட்டில் வாரத்துக்குப் பிள்ளையின் வயதைவிட அதிக மணி நேரம் பயிற்சி கூடாது என்று விளையாட்டு மருத்துவர்கள் ஒரு தோராய அளவு சொல்வார்கள். உங்கள் மகளுக்கு அது 12 மணி. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும். நீச்சலில் முதலில் முறையிடுவது தோள். வயலினிலும் அதே தோள்தான், அதே கழுத்துதான். இதை நீச்சல் பயிற்சியாளரும் நினைக்க மாட்டார், வயலின் ஆசிரியரும் நினைக்க மாட்டார். இருவருக்கும் நீங்கள் எழுதித் தெரிவியுங்கள். வளரும் பெண் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பயிற்சிக்கு ஈடாக இல்லாவிட்டால் மாதவிடாய் தவறும், எலும்பு பாதிக்கும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதைத் தனி நோய்நிலையாகவே பெயரிட்டு எச்சரித்தது. எடையைப் பற்றிப் பிள்ளைகள் முன் பேசுகிற பயிற்சியாளர் இருந்தால் அந்த அணியில் சேர்க்காதீர்கள். தலையில் அடிபட்டால் அன்று மறுபடியும் ஆடவிடக் கூடாது. அடிபட்ட பிள்ளை எப்போது களத்துக்குத் திரும்பலாம் என்று முடிவெடுப்பது மருத்துவரா, பயிற்சியாளரா? மருத்துவர்தான் என்ற பதில் உடனே வர வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இசையும் விளையாட்டும் தனிப் பயிற்சிகள் நிறைந்தவை. பயிற்சி அறைக் கதவில் கண்ணாடி இருக்க வேண்டும். பிள்ளையின் மதிப்பெண்ணையோ அணித் தேர்வையோ முடிவு செய்யாத ஒரு பெரியவரிடம் அவள் எதையும் சொல்ல வழி இருக்க வேண்டும். இதைக் கேட்கத் தயங்காதீர்கள். கேட்டதால் முகம் சுளிக்கிற பள்ளி உங்களுக்கு வேண்டாம்.

மூன்றும் மோதும் இடத்துக்கு வருவோம். சனிக்கிழமை போட்டியும் நாடக ஒத்திகையும் ஒரே நேரத்தில் வரும். வரத்தான் செய்யும். அப்போது முடிவெடுப்பது யார்? என் வாழ்க்கையில் நான் இன்றுவரை வருந்துகிற ஒரு தவறு இதில் நடந்தது. 13 வயது மாணவி ஒருத்தி நாடகத்தில் முக்கியப் பாத்திரம். கூடைப்பந்து அணியிலும் இருந்தாள். பயிற்சியாளர், "நாடக ஆசிரியரிடம் கேட்டு வா" என்றார். நாடக ஆசிரியர், "பயிற்சியாளரிடம் சொல்லிவிடு" என்றார். மூன்று நாள் அந்தக் குழந்தை இருவருக்கும் நடுவே செய்தி சுமந்து திரிந்தாள். பிறகு என்னிடம் வந்தாள். நான், "நீயே யோசித்து முடிவு செய்" என்றேன். பொறுப்பு கற்றுத் தருவதாக நினைத்தேன். அவள் அன்றிரவு இரண்டிலிருந்தும் விலகுவதாக இரண்டு துண்டுச் சீட்டு எழுதி, இரண்டு கதவுகளுக்கு அடியில் தள்ளிவிட்டாள். இரு பெரியவர்களைச் சமாதானப்படுத்தும் வேலையை ஒரு பிள்ளையின் தலையில் வைத்தோம். அவள் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் அதை முடித்தாள்.

அதன் பிறகு எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் வந்தது. திங்கட்கிழமை மதியம் 20 நிமிடம் விடுதிப் பொறுப்பாளர்கள், பயிற்சியாளர்கள், கலை ஆசிரியர்கள், தேர்வுப் பொறுப்பாளர் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அடுத்த இரண்டு வாரத்தின் மோதல்களைப் பெயர் பெயராகத் தீர்ப்போம். பிள்ளைக்கு முடிவு மட்டும் போகும், காரணத்தோடு. அந்த 20 நிமிடம் பள்ளியை மாற்றியது என்று சொன்னால் மிகையில்லை. நீங்கள் போகிற பள்ளியில் கேளுங்கள்: போன பருவத்தில் இப்படி மோதல் வந்ததா, யார் தீர்த்தார்கள்? "எங்கள் பள்ளியில் அப்படி வராது" என்றால் நம்பாதீர்கள்.

மூன்றும் ஒன்றையொன்று தாங்குவதையும் பார்த்திருக்கிறேன். கணக்கில் தோற்றுத் தோற்று வாயடைத்துப்போன ஒரு பையன் எங்கள் கால்பந்து அணியின் கோல்காப்பாளன். மாலையில் அவன் எகிறி விழுந்து பந்தைத் தடுப்பதைக் கோட்டோரம் நின்று பார்ப்பேன். மறுநாள் வகுப்பில், "உன்னை நோக்கி வருகிறவன் எந்தக் கோணத்தில் உதைத்தால் உனக்குச் சிரமம்?" என்று கேட்டேன். கரும்பலகைக்கு வந்து கோல் கம்பங்களை வரைந்து, முன்னால் ஏறி வந்தால் கோணம் எப்படிச் சுருங்குகிறது என்று பத்து நிமிடம் விளக்கினான். வகுப்பே அமைதியாகக் கேட்டது. அன்றிலிருந்து அவன் கையை உயர்த்தத் தொடங்கினான். அவனை மைதானத்தில் பார்த்திராவிட்டால் எனக்கு அந்தக் கேள்வி தோன்றியிருக்காது. ஆசிரியர்கள் வளாகத்திலேயே குடியிருந்து, வகுப்பு முடிந்த பிறகும் பிள்ளைகள் கண்ணில் படுகிற பள்ளியில்தான் இது நடக்கும். எத்தனை ஆசிரியர்கள் வளாகத்தில் வசிக்கிறார்கள், எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆண்டுதோறும் பாதிப் பேர் மாறுகிற பள்ளியில் எந்த அட்டவணையும் நிற்காது.

விளையாட்டுக்கோ இசைக்கோ கட்டணச் சலுகை தருகிறார்கள் என்றால் ஒப்பந்தத்தை வரிக்கு வரி படியுங்கள். காயம் பட்டால், அல்லது ஆர்வம் மாறினால் சலுகை என்ன ஆகும்? 12 வயதில் கையெழுத்தான ஒரு தாள் 15 வயதுப் பிள்ளையைக் குளத்தில் பிடித்து வைக்கக் கூடாது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி: 15 வயதில் எதை விடுவது? முதலில், அப்படி ஒரு கட்டாயம் எல்லாப் பாடத்திட்டத்திலும் இல்லை. 1968இல் தொடங்கிய சர்வதேச பக்கலோரியா அமைப்பின் டிப்ளமோ படிப்பில், படைப்பும் உடல் செயல்பாடும் சேவையும் குறைந்தது 18 மாதம் தொடர வேண்டும். மதிப்பெண் கிடையாது, ஆனால் நிறைவு செய்யாவிட்டால் டிப்ளமோ கிடையாது. மற்றப் பாடத்திட்டங்களில் பள்ளியே முடிவு செய்கிறது. தேர்வு ஆண்டு மாணவர்கள் மாலை 4.30க்கு எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அப்படியே ஒன்றைக் குறைக்க வேண்டி வந்தால், தேர்வு நெருங்கிய மாதத்தில் பதற்றத்தோடு முடிவெடுக்காதீர்கள். பருவ விடுமுறையில், அவள் நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு வாரத்துக்குப் பிறகு பேசுங்கள். யாரும் சொல்லாமலே அவள் கை எதை நோக்கிப் போகிறது என்று அந்த வாரம் கவனியுங்கள். அதைத் தொடாதீர்கள். மற்றதையும் முழுக்க விட வேண்டியதில்லை. அணியிலிருந்து விலகி வாரம் இரண்டு நாள் நீந்தலாம், தேர்வுகளும் மேடையும் இல்லாமல் வாரம் ஒரு நாள் வாசிக்கலாம்.

வயலின்தான் குறைகிறது என்றால் பெட்டியை வீட்டுக்கு எடுத்து வந்துவிடாதீர்கள். விடுதியில் ஒரு மாணவி 15 வயதில், வயலினைப் போன்ற ஆனால் பெரிய கருவியான செல்லோவை நிறுத்தினாள். அவளுடைய தந்தை அதைக் காரில் ஏற்ற வந்தபோது, இங்கேயே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். ஒன்றரை ஆண்டு அது அவள் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே நின்றது. மாதம் ஒரு முறை இசை ஆசிரியர் தந்திகளைப் பார்த்துவிட்டுப் போவார். இறுதித் தேர்வு முடிந்த அன்று மாலை, விடுதியில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சத்தத்துக்கு நடுவே, மாடியிலிருந்து கனத்த ஒரு சுருதி கேட்டது. சேரவில்லை. நிறுத்தி, பிரடையைத் திருகி, மறுபடியும் வில்லை வைத்தாள்.